உதவித்தொகைச் சாளரத்தின் மறுபக்கம்: கல்லூரி நிதிப்பிரிவு ஊழியர்களுக்கான பயிற்சி குறித்து

பம்மல், நாகல்கேணி, அனகாபுத்தூர், திருநீர்மலைப் பகுதிகளிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் முதல் தலைமுறைப் பட்டியலின மாணவர் ஒருவர், தம் கல்லூரியில் முதலில் எதிர்கொள்ளும் அதிகார முகம் பேராசிரியருடையது அன்று. கட்டணச் சாளரத்தின் பின்னே கணினித் திரையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் எழுத்தருடையது. ‘ஸ்காலர்ஷிப் செக்‌ஷன்’ என்று மாணவர்கள் அழைக்கும் அந்த மேசையில் ஓர் ஊழியர் தவறான வகைப்பாட்டைச் சொடுக்கினால் ஓராண்டு உதவித்தொகை போய்விடுகிறது. அரசாணையைப் படித்திராத ஒருவர் ‘முதலில் பணத்தைக் கட்டு, பிறகு உனக்கு வரும்’ என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியம் ஒரு குடும்பத்தை வட்டிக்கடைக்கு அனுப்புகிறது. சில வேளைகளில் மாணவரைப் படிப்பிலிருந்தே வெளியேற்றுகிறது.

உதவித்தொகை குறித்த நம் விவாதங்கள் பெரும்பாலும் ஒன்றிய அரசின் நிதி ஒதுக்கீட்டையும் மாநில அரசின் தாமதத்தையும் பற்றியவை. அவை தேவையான விவாதங்கள். ஆனால் ஒதுக்கப்பட்ட பணம் மாணவரைச் சென்றடையும் கடைசிப் பத்தடித் தொலைவை, அதாவது அந்தச் சாளரத்தை, நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. அங்கே அமர்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அதை அவருக்குக் கற்பிக்கும் கடமை யாருடையது என்பதை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

திட்டம் வந்த வழி

பட்டியலின மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை, நாட்டின் பழைமையான சமூக நீதித் திட்டங்களுள் ஒன்று. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், 1942-இல் லின்லித்கோ பிரபுவிடம் அளித்த கோரிக்கை மனுவில் உயர்கல்விக்கான நிதியுதவியை வலியுறுத்தினார். 1944-இல் திட்டம் தொடங்கியது. ஆகவே இது யாருடைய கருணையிலும் பிறந்ததன்று. நம் தலைவர் கேட்டு வாங்கிய உரிமை. சாளரத்தில் அமர்பவருக்கு முதல் நாள் பயிற்சியில் சொல்லப்பட வேண்டிய முதல் செய்தி இதுதான் என்பது எங்கள் கருத்து. ‘கவர்ன்மெண்ட் ஃப்ரீயா குடுக்குது’ என்ற ஏளனம் இந்த வரலாற்றை அறியாமையிலிருந்தே பிறக்கிறது.

2017-18 முதல் 2019-20 வரையிலான மூன்று ஆண்டுகளில் ஒன்றிய அரசின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாயாகச் சுருங்கியிருந்தது. சுமையின் பெரும்பகுதி மாநிலங்களின் மீது விழுந்தது. பல மாநிலங்களில் உதவித்தொகை தேங்கியது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின், 2020 டிசம்பர் 23 அன்று ஒன்றிய அமைச்சரவை 2025-26 வரையிலான காலத்துக்கு 59,048 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் ஒன்றிய அரசின் பங்கு 35,534 கோடி, விகிதம் 60:40. மாநிலம் தன் 40 விழுக்காட்டை விடுவித்த பின், ஒன்றியத்தின் 60 விழுக்காடு நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும் என்பது புதிய முறை.

குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். கட்டணம் நீங்கலாக, கல்விப்படி என்று ஒரு தொகை உண்டு. தொழிற்கல்விப் பட்டப் படிப்புகள் அடங்கிய முதல் பிரிவில் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000 ரூபாய். பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். போன்ற படிப்புகள் அடங்கிய மூன்றாம் பிரிவில் இது 6,000 ரூபாயும் 3,000 ரூபாயும்தான். பம்மலிலிருந்து நாள்தோறும் போய்வரும் பி.காம். மாணவிக்கு ஆண்டு முழுமைக்கும் 3,000 ரூபாய்! அதையும் ஓர் எழுத்தரின் பிழையால் இழப்பதென்றால் அது எவ்வளவு பெரிய அநீதி என்பதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 11.9.2012 நாளிட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் அரசாணை எண் 92 பற்றி நம் மாணவர் அமைப்புகள் நன்கறியும். வருமான வரம்புக்குட்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றும், அது சுயநிதிக் கல்லூரிகளுக்கும் பொருந்தும் என்றும் வகுத்த ஆணை அது. அதை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்த கட்டணப் பிரிவு ஊழியரை எங்கள் பணியில் நாங்கள் சந்தித்தது அரிது. அவர்களைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. அதை அவர்களிடம் யாரும் கொடுத்ததே இல்லை.

மேசையில் நிகழும் பிழைகள்

பம்மலில் நாங்கள் நடத்தும் சட்ட ஆலோசனைக்கு வரும் கல்லூரி வழக்குகளில் பாதிக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகத் தேவையற்றவை. ஒரு தொலைபேசி அழைப்பிலோ ஒரு கடிதத்திலோ தீர்ந்துவிடுபவை. தீரும்போதெல்லாம் எங்களுக்கு மகிழ்ச்சியைவிடக் கோபமே மிகுதியாக வருகிறது.

முதலாவது, கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் குறித்த குழப்பம். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. சீக்கியர் 1956-லும் பௌத்தர் 1990-லும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவராக மாறியவர்கள் ஒன்றியத் திட்டத்துக்கு வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் இடஒதுக்கீட்டுக்கு அவர்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினராகக் கருதப்படுகின்றனர். ஆனால் உதவித்தொகையை ஆதிதிராவிடர் நலத்துறையின் வழியாக மாநில அரசு தன் நிதியிலிருந்து வழங்குகிறது. சாதிச் சான்றிதழில் ‘பிற்படுத்தப்பட்ட வகுப்பு’ என்ற சொல்லைப் பார்த்ததும், விவரம் அறியாத ஊழியர் அம்மாணவரைப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார். நாங்கள் கையாண்ட ஒரு வழக்கில், புறநகர்க் கல்லூரி ஒன்றின் இளங்கலை மாணவி இப்படியே முதலாண்டு முழுவதையும் இழந்தார். இரண்டாம் ஆண்டில் அவரே சான்றிதழின் கீழ்வரியைச் சுட்டிக்காட்டிய பின்னும், ‘பி.சி. என்றுதானே போட்டிருக்கிறது’ என்ற பதிலே கிடைத்தது. அந்த ஊழியர் தீய எண்ணத்துடன் நடந்துகொண்டதாக நாங்கள் கருதவில்லை. அவருக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. ஆதார் எண் வழியாக அனுப்பப்படும் பணம், மாணவர் விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்குச் செல்வதில்லை. தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தின் பதிவில் அந்த ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கே செல்லும். ‘ஆதாரைக் கொடுத்திருக்கிறேன்’ என்பதும் ‘பணம் பெறும் கணக்காக ஆதார் இணைக்கப்பட்டிருக்கிறது’ என்பதும் இரு வேறு செய்திகள். கைப்பேசிக் கடையில் யாரோ திறந்து கொடுத்த கணக்கொன்றில் உதவித்தொகை வந்து கிடப்பதும், மாணவர் ‘இன்னும் வரவில்லை’ என்று ஈராண்டாக அலைவதும் இதனால்தான். பள்ளிக் காலத்தில் உதவித்தொகைக்காகத் திறந்த இருப்பில்லாக் கணக்கு செயலிழந்துவிட்டது என்று வங்கி சொன்னால், 2024 சனவரி 1 நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டலாம். அரசு உதவிகளுக்காகவும் கல்வி உதவித்தொகைக்காகவும் திறக்கப்பட்ட இத்தகைய கணக்குகளை, ஈராண்டுக்கு மேல் பயன்படுத்தவில்லை என்ற காரணத்தால் செயலற்றவையாக்கக் கூடாது என்கிறது அது. ஓர் உதவித்தொகை எழுத்தரின் மேசை இழுப்பறையில் இச்சுற்றறிக்கையின் படி ஒன்று இருந்தால் எத்தனை அலைச்சல் மிச்சமாகும்!

பெயரின் முன்னெழுத்து மாறுபடுவது இன்னொரு வேதனை. மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்து, ஆதாரில் தந்தையின் முழுப்பெயர், வங்கியில் முன்னெழுத்தே இல்லை. இதை விண்ணப்பம் திறக்கும் முன்பே, சேர்க்கையின்போதே பார்த்துத் திருத்தச் சொல்வது பயிற்சி பெற்ற ஊழியரின் வேலை. பயிற்சியற்றவர் நிராகரிப்பு வந்த பிறகே பார்க்கிறார்.

மூன்றாவதும் மிகக் கொடியதும், முன்பணம் கேட்பது. ஒன்றியப் பங்கு மாணவரின் கணக்குக்கே நேரடியாக வரத் தொடங்கிய பிறகு, கல்லூரிகள் ‘பணம் உன் கணக்குக்குத்தானே வருகிறது, எங்களுக்கு இப்போதே கட்டு’ என்கின்றன. ஒன்றியத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகளிலேயே, தகுதியுள்ள மாணவர் முன்கூட்டிக் கட்டணம் செலுத்தாமல் சேர வழிசெய்யும் கட்டணமில்லாச் சேர்க்கை அட்டை பற்றிப் பேசப்பட்டுள்ளது. அச்சொல்லைக் கேட்டதும் விழிக்காத சாளரம் எத்தனை என்று எண்ணிப் பார்க்க விரல்கள் மிஞ்சும்.

நான்காவதைப் பிழை என்று சொல்லக் கூடாது, அது வன்மம். வகுப்பறைக்குள் வந்து ‘எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க எழுந்து நில்லுங்க’ என்பது. நிலுவைப் பட்டியலைச் சாதிப் பிரிவுடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெயரையும் பிரிவையும் பதிவிடுவது. உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை மேம்படுத்துவதற்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், மாணவர்களின் சாதிப் பெயரை வகுப்பில் அறிவிப்பதையும் அவர்களை ‘ஒதுக்கீட்டுப் பிரிவினர்’ என்று முத்திரை குத்துவதையும் பாகுபாடு என்றே வரையறுக்கின்றன.

நீதிமன்றங்கள் கண்ட கட்டண மேசைகள்

கட்டணம் செலுத்தும் நடைமுறை ஒரு தலித் மாணவரின் வாழ்வை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் சான்று. 2021 நவம்பரில் பிரின்ஸ் ஜெய்பீர் சிங் வழக்கில், தொழில்நுட்பக் கோளாற்றால் கட்டணத்தை உரிய நேரத்தில் செலுத்த இயலாத மாணவருக்கு மும்பை ஐ.ஐ.டி.யில் இடம் வழங்க ஆணையிடப்பட்டது. 2024 செப்டம்பர் 30 அன்று, உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகரைச் சேர்ந்த அதுல் குமாருக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் தர ஆணை வந்தது. கூலித் தொழிலாளியின் மகனான அவரால் 17,500 ரூபாயை மாலை ஐந்து மணிக்குள் செலுத்தி முடிக்க இயலவில்லை. அவ்வாண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் அவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தார் என்பது பலருக்குத் தெரியாது. இரு வழக்குகளிலும் அரசமைப்பின் 142-ஆவது பிரிவின்கீழ் உள்ள தனி அதிகாரத்தை நீதிமன்றம் பயன்படுத்த வேண்டியிருந்தது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் மிக அரிய அதிகாரம், ஒரு கட்டண மேசை தன்னளவில் தீர்த்திருக்க வேண்டிய சிக்கலுக்கு! எல்லா மாணவர்களும் தில்லி வரை போக முடியாது.

ரோஹித் வெமுலாவை நாம் மறக்கவில்லை. 2016 சனவரி 17 அன்று அவர் இறந்தபோது விட்டுச்சென்ற கடிதத்தில், தமக்கு ஏழு மாத ஆய்வு உதவித்தொகையாக 1.75 லட்சம் ரூபாய் வர வேண்டியிருப்பதைக் குறிப்பிட்டிருந்தார். பத்தாண்டு கழித்து, 2026 சனவரியில், மாணவர் தற்கொலைகள் தொடர்பான அமித் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான கட்டளைகளைப் பிறப்பித்தது. நிலுவையிலுள்ள உதவித்தொகைகளை நான்கு மாதங்களுக்குள் தீர்க்க வேண்டும். உதவித்தொகை தாமதமானதைக் காரணம் காட்டி எந்த மாணவரையும் தேர்வெழுதாமல் தடுக்கவோ, வகுப்பிலிருந்தும் விடுதியிலிருந்தும் வெளியேற்றவோ, மதிப்பெண் பட்டியலையும் பட்டத்தையும் நிறுத்திவைக்கவோ கூடாது என்றது. இக்கட்டளையை அச்சிட்டு ஒவ்வொரு கல்லூரியின் கட்டணச் சாளரத்திலும் ஒட்டும் இயக்கத்தை மாணவர் அமைப்புகள் நடத்தலாம், செலவு அதிகமில்லை.

அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்துள்ளது. சான்றிதழ் என்பது கடனுக்கு ஈடாக வைக்கும் நகை அன்று என்னும் நிலைப்பாட்டைச் சென்னை உயர் நீதிமன்றமும் பல வழக்குகளில் எடுத்துள்ளது. வரிசையில் பலர் நிற்கும் சாளரத்தின் முன் ஒரு பட்டியலின மாணவரைச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் பாயக்கூடும். பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடம் என்ற நிபந்தனையை அத்தகைய சாளரம் நிறைவு செய்யும் என்பது எங்கள் சட்டக் கருத்து. இதைப் பயிற்சியில் சொல்வது மிரட்டல் ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்காமல் ஓட்டுநர் உரிமம் தருவதில்லையே.

பயிற்சி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

அமெரிக்காவில் மாணவர் நிதியுதவி அலுவலர் என்பது தனித் தொழில். அங்கு 1965-இல் உயர்கல்விச் சட்டம் வந்தது. மறு ஆண்டே மாணவர் நிதியுதவி அலுவலர்களின் தேசியச் சங்கம் தொடங்கியது. அரசின் மாணவர் நிதியைக் கையாளும் கல்லூரி, அதற்குத் தகுதியுள்ள ஒருவரைப் பொறுப்பில் நியமித்தே ஆக வேண்டும் என்று அந்நாட்டு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. தேர்வுகள், சான்றிதழ்கள், ஆண்டு மாநாடுகள் என்று அச்சங்கம் இயங்குகிறது. அங்கும் எல்லாம் தூய்மை அல்ல. 2007-இல் சில அலுவலர்கள் கடன் நிறுவனங்களிடம் ஆதாயம் பெற்று மாணவர்களை அவற்றிடம் தள்ளிவிட்டது அம்பலமாயிற்று. அதன் பின் நடத்தை விதிகள் கடுமையாயின. திறனும் நேர்மையும் வேறுவேறு என்பதற்கு அது போதிய சான்று. ஆயினும் ‘இவ்வேலைக்குக் கல்வி வேண்டும்’ என்ற எளிய உண்மையை அந்நாடு ஏற்றுக்கொண்டுள்ளது.

இங்கே நிலை வேறு. பேராசிரியர்களுக்கு மாளவியா பெயரிலான ஆசிரியர் பயிற்சித் திட்டம் உண்டு. மாநில அரசுப் பணியில் சேரும் இளநிலை உதவியாளர்களுக்கு ஈரோடு மாவட்டம் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி உண்டு. அங்கே அலுவலக நடைமுறையும் கோப்பு எழுதுதலும் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் தாம்பரம் முதல் பல்லாவரம் வரையிலான நம் புறநகர்ப் பட்டையில் இருப்பவை பெரும்பாலும் உதவிபெறும் கல்லூரிகளும் சுயநிதிக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும். சுயநிதி நிறுவனத்தின் உதவித்தொகை எழுத்தர் பவானிசாகருக்குப் போவதில்லை, வேறெங்கும் போவதுமில்லை. முன்னவர் சொல்லிக்கொடுத்ததே அவருடைய பாடநூல். முன்னவர் வேலையை விட்டு நின்றுவிட்டால் அதுவும் இல்லை. குறைந்த ஊதியத்தில், கட்டண வசூல், சேர்க்கை, பேருந்துக் கட்டணம் ஆகிய வேலைகளுக்கு நடுவே உதவித்தொகையையும் அவர் சுமக்கிறார். அவரும் ஒரு தொழிலாளி என்பதை நாம் மறக்கலாகாது. அவருள் நம் மக்களும் உண்டு.

இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையர், தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் 2012-17 காலத்தில் இத்திட்டம் செயல்பட்ட விதத்தை ஆராய்ந்து 2018-இல் அறிக்கை அளித்தார். தாமதமும் சரிபார்ப்பில் குறைபாடும் அதில் பதிவாயின. அதன் பின் இணையதளம் மாறியது. இப்போது பல்கலைக்கழக மேலாண்மைத் தகவல் அமைப்பு என்ற யூமிஸ் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டியுள்ளது. தளம் மாறும்போதெல்லாம் ‘எந்தப் பொத்தானை அழுத்துவது’ என்று இணையவழிக் கூட்டமொன்று நடத்தப்படுகிறது. அது பயிற்சி அன்று, பயனர் விளக்கம். யாருக்கு உரிமை உண்டு, எந்த விதி எதை மீறும், மறுக்கும்போது மாணவருக்கு என்ன எழுத்தில் தர வேண்டும் என்பவை அதில் வருவதில்லை.

எங்கள் கோரிக்கை சிறியது. உதவித்தொகை விண்ணப்பம் திறப்பதற்கு முன், ஆண்டுதோறும் மாவட்ட அளவில் இரண்டு நாள் பயிற்சி. ஒரு நாள் விதிகளும் தளமும். மறுநாள் வரலாறு, சட்டம், மாணவரிடம் பேசும் முறை. பாடம் நடத்துபவர்களுள் உதவித்தொகை பெற்றுப் படித்து முடித்த பட்டதாரிகள் சிலர் இருக்க வேண்டும். மறுப்பைப் வாய்மொழியாகச் சொல்லாமல், காரணத்துடன் எழுதித் தரும் பழக்கம் இங்கேதான் தொடங்க வேண்டும். மறுப்புக் கடிதம் கையில் இருந்தால் மேல்முறையீடு செய்யலாம். ‘இல்லைம்மா, வராது’ என்ற சொல்லை எந்த நீதிமன்றத்தில் எதிர்ப்பது?

கேட்பது எப்படி

பம்மல், 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கியது. வருவாய் நிருவாகத்தில் செங்கல்பட்டு மாவட்டம், பல்லாவரம் வட்டம். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் பல்லாவரம் வட்டாட்சியர் அலுவலகம் சார்ந்தவை. ஆனால் உதவித்தொகைக் கோப்பு மாணவரின் வீட்டைப் பின்தொடர்வதில்லை, கல்லூரியைப் பின்தொடர்கிறது. கல்லூரி தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ இருந்தால் செங்கல்பட்டு மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலரை அணுக வேண்டும். சென்னை மாநகருக்குள் படித்தால் சென்னை மாவட்ட அலுவலரை. இந்த ஒரு தகவல் தெரியாமல் செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் இடையே மின்சார ரயிலில் அலைந்தவர்கள் பலர்.

அந்த அலுவலகத்துக்கு, பத்து ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கீழ்க்காணும் வினாக்களை அனுப்பலாம்: கடந்த மூன்று கல்வியாண்டுகளில் கல்லூரி உதவித்தொகைப் பொறுப்பாளர்களுக்கு எத்தனை பயிற்சிகள் நடத்தப்பட்டன, எந்தெந்த நாள்களில், எவ்வளவு நேரம், எந்தெந்தக் கல்லூரிகளிலிருந்து ஆள் வரவில்லை, வழங்கப்பட்ட பாடக்குறிப்புகளின் நகல், கல்லூரி அளவிலேயே நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, காரணங்கள் எவை. தனியார் கல்லூரி என்பதால் தகவல் தர இயலாது என்று பதில் வந்தால், பொது அதிகார அமைப்பு வேறு சட்டத்தின் வழியே தனியாரிடம் பெறக்கூடிய தகவலும் தகவலே என்று சட்டத்தின் 2(எஃப்) பிரிவைக் குறிப்பிட்டு முதல் மேல்முறையீடு செய்யலாம். முப்பது நாள்களுக்குள் பதில் வர வேண்டும். பதில் வந்ததும் அதன் நகலைக் கல்லூரி முதல்வருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையுடன் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.